கார் இல்லாமல் வானமலைக்கு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் பிராண்டேயின் ரயில் மேடையில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி தவம், அவளுடைய தம்பி குகன். நானும் தவமும் பயணம் போகிறவர்கள். குகன் மறிக்க வந்தவன். ரயில் 7.36க்குத்தான். அரை மணிக்கு மேல் முந்தி வந்ததற்குக் காரணம் நான். ரயில் என்னை விட்டுவிட்டு நேரத்துக்கு முன்பே போய்விடும் என்று இந்த டெனிஷ் நாட்டில் முப்பது வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

ஒக்டோபரில் கண் வைத்தியர் என் பார்வையின் ஓரங்கள் சுருங்கிவிட்டன, இனிக் கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். தவத்துக்கு ஓட்டத் தெரியாது. பிராண்டேயில் கார் இல்லாவிட்டால் சீவிக்க முடியாது என்பது எங்கள் சனத்தின் தீர்மானமான முடிவு. மகன் பிரதீப் தலைநகரை அடுத்த புரொண்பியில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். எங்களுக்கு மனமில்லை. தவத்துக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை, எனக்கு நடை தூரத்தில் தொழிற்சாலை. "காரில்லாமல் நீங்கள் கடைக்கே போகமாட்டியள்" என்று குகன் சொல்ல, "மலைக்கே போய்க் காட்டுறன்" என்று வாயை விட்டேன். வழியில் காருக்குக் கூப்பிட்டால் நாங்கள் புரொண்பிக்கு. கூப்பிடாமல் திரும்பினால் இந்தக் கதையை இனி ஒருவரும் எடுக்கக்கூடாது. இதுதான் பேச்சு.

"அத்தான், மைனஸ் ஆறு. அக்காவின்ரை முழங்காலை யோசிச்சியளே?" என்றான் குகன்.

"என்ரை முழங்காலை நீ விடு," என்றாள் தவம். "ஒவ்வொரு நாளும் எட்டுப் பேரை எழுப்பிக் குளிக்க வாக்கிற முழங்கால் அது."

"சரி, போனை ஓஃப் பண்ணிப்போடாதேங்கோ. நான் கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருப்பன்."

"பெற்றோலை வீணாக்காதை," என்றேன்.

எங்களிடம் இருந்தது போனில் வாங்கும் ஒருநாள் பயணச்சீட்டு. ஆளுக்கு 180 குரோனர். எங்கள் பகுதியான மத்திய யூட்லாந்தில் எந்த ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை தரமும் ஏறலாம். காலையில் போன் குழப்படி செய்தால் என்ன செய்வது என்ற பயத்தில் முதல் நாள் பின்னேரமே வாங்கிவிட்டேன். கீழே சின்ன எழுத்தில் ஏழு வரி டெனிஷ் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீண்ட வசனத்தைக் கண்டால் இப்போதும் தாண்டிப் போய்விடுவேன்.

ஹேர்னிங்கில் ரயில் மாறினோம். ஒன்பது மணிக்குச் சற்று முன், சில்க்போர்க் வரப்போகும் நேரம், பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர். "நேற்று 16.20க்கு வாங்கியிருக்கிறீர்கள். இருபத்துநான்கு மணித்தியாலம் அப்போதே தொடங்கிவிட்டது. இன்று 16.20 வரைதான் செல்லும்," என்றார்.

தவம் என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "அவசரப்பட்டு வாங்கி, பாதி நாளை நித்திரையிலை துலைச்சாச்சு!" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, நேர அட்டவணையை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். திரும்பும்போது 14.24 ரயிலைப் பிடித்தால் 15.53க்குப் பிராண்டே. பிழைத்தோம்.

9.12க்கு ரூ என்ற சிற்றூரில் இறங்கினோம். அங்கிருந்து ஹிமெல்பியெர்கெட்டுக்கு ஆறு கிலோமீற்றர். வானமலை என்று பொருள். பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம், உயரம் 147 மீற்றர். இரண்டு மணிநேரம் காட்டு வழியே பனியில் நடந்தோம். சப்பாத்துக்குக் கீழே பனி நொறுங்கும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் மரங்கள் விலகி, பூட்டிக் கிடந்த ஒரு செங்கல் கோபுரம் தெரிந்தது.

"இனி ஏத்தம் எங்கை?" என்று கேட்டாள் தவம்.

"இதுதான் உச்சி."

"இதுக்கோ என்ரை தம்பியோடை சண்டை பிடிச்சனீங்கள்?"

ஆனால் அவள் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தாள். காலடியில் காடு செங்குத்தாக இறங்கி ஏரியில் முடிந்தது. ஏரியின் கரையோரம் உறைந்து வெள்ளையாக, நடுவில் கறுப்புத் தண்ணீர். அக்கரையில் நாங்கள் வந்த ரயில் பாதை. பெரிய மலைகளைப் பார்த்தவர்கள் 147 மீற்றருக்குச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். காரில் வந்தவர்களுக்கு அது தரிப்பிடத்திலிருந்து ஐந்து நிமிடம். நாங்கள் அதை ரூவிலிருந்து அளந்து வந்தவர்கள்.

அங்கிருந்த மர வாங்கில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேத்தண்ணியும் எடுத்தோம். பன்னிரண்டரைக்கு நான் எழும்பினேன். தவம் எழும்பவில்லை.

"முப்பது வருசமா உங்கடை பயத்துக்குப் பின்னாலை ஓடினனான். இண்டைக்கு இருந்து பாக்கப்போறன்."

நானும் இருந்துவிட்டேன். ஒரு மணி கடந்துதான் ரூவுக்குத் திரும்பி நடந்தோம். 14.24 போய்விட்டது.

15.24 ரயில் எங்களை ஹேர்னிங்கில் இறக்கியபோது மணி 16.29. சீட்டு செத்து ஒன்பது நிமிடம். மேடையில் குகன், கையில் கார்த் திறப்புக் கொத்து கிலுங்க. ஹேர்னிங்குக்குச் சாமான் வாங்க வந்தவனாம். சீட்டுக் கதையைத் தவம் காலையிலேயே போனில் அவனுக்குச் சொல்லிச் சிரித்திருந்தாள்.

"அத்தான், ரோசத்தை விடுங்கோ. டிக்கட் முடிஞ்சுது. அக்காவுக்கு அஞ்சரைக்கு வேலை. இந்த ரயிலை விட்டால் அடுத்தது போய்ச்சேர ஆறு மணியாகும். வாங்கோ, கார் சூடா நிக்குது."

பிராண்டே ரயில் 16.33க்கு. இந்த முறை முந்தி வாங்கிக் கெடுக்கக்கூடாது என்று பொறுத்திருந்தவன், இப்போது கையுறையைக் கழற்றிப் போனில் புதுச் சீட்டு வாங்கப் பார்த்தேன். விரல்கள் விறைத்து, வங்கியின் இரகசிய எண் இரண்டு தரம் பிழைத்தது. ஏறிய பிறகு வாங்கினால் செல்லாது என்பது சட்டம். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன் நான். நிமிர்ந்து பார்த்தேன். தவம் ரயில் கதவடியில் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, வாறியளோ, நான் மட்டும் போகவோ?"

ஏறினேன். கண்ணாடிக்கு வெளியே குகன் திறப்பைப் பிடித்தபடி நின்றான்.

பரிசோதகப் பெண் பெட்டிக்குள் வந்ததும் நானே கையை உயர்த்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன்: பயத்தில் முந்தி வாங்கியது, விறைத்த விரல், மச்சானின் கார். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"கார் நின்றும் சீட்டில்லாமல் ஏறினீர்களா?"

"ஓம். தண்டத்தை எழுதுங்கள்."

"எனக்கும் ஒண்டு எண்டு சொல்லுங்கோ," என்றாள் தவம்.

16.53க்குப் பிராண்டேயில் இறங்கினோம். தவம் நேரே முதியோர் இல்லத்துக்கு நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது அவளுடைய வேலைக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்ததாம். நான் மேடையில் நின்றபடியே பிரதீப்புக்குப் போன் எடுத்தேன். அவன் டெனிஷில் ஏதோ விளக்கத் தொடங்கினான். "தம்பி, அந்த வீட்டை வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லு. நாங்கள் வரேல்லை," என்று சொல்லி வைத்தேன்.

தண்டச் சீட்டு இரண்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கின்றன. இந்தப் பயணத்தில் நாங்கள் இன்னும் கட்டவேண்டியது இரண்டாயிரம் குரோனர்.