சண்முகவடிவு பெயர் வைத்த வியாதி

தியாகராய நகரில் ரவிக்கைத் துணி மேட்சிங் கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி, புடவையோடு வருகிற பெண்களிடம் மகளைப் பற்றிச் சொல்லாமல் அனுப்பமாட்டார். "எம்மவ மூளை டாக்டரு" என்பார். சண்முகவடிவு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலியின் நரம்புச் செல்களைத் தட்டில் வளர்த்து, வயது ஏற ஏற அவற்றுக்குள் கழிவுப் புரதம் ஏன் தேங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. நோயாளி என்று ஒருவரையும் தொட்டதில்லை. இதை அப்பாவிடம் பலமுறை விளக்கிப் பார்த்து விட்டுவிட்டாள். அவர் சொல்வது உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

படிக்கிற காலத்தில் பெங்களூரில், ஒற்றைச் செல் கிளைவிட்டுப் பக்கத்துச் செல்லைத் தேடிப் போவதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அன்று அவள் சாப்பிடவே மறந்தாள். அதற்குப் பிறகு வேறெதிலும் மனம் போகவில்லை. ஜெர்மனியில் சில வருடம், திரும்பி வந்து சொந்தக் குழு, மயிலாப்பூரில் தனியாக ஒரு ஃபிளாட். வீட்டில் யாருக்கு என்ன உடம்பென்றாலும் அவளைக் கேட்காமல் செய்யமாட்டார்கள்.

போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயத்தில், மேல்தட்டுத் துணியை எடுக்க ஸ்டூலில் ஏறிய கணேசமூர்த்தி சறுக்கி, தலையை அலமாரியில் இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

புரட்டாசியில் அவர் மாறத் தொடங்கினார். மயில்கழுத்துப் புடவைக்கு இலைப்பச்சையை வெட்டிக் கொடுத்தார். மருமகள் மதுமதியை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மதுமதியின் கணவன், சண்முகவடிவின் தம்பி வெங்கடேஷ், அக்காவுக்குப் போன் பண்ணி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சண்முகவடிவு அப்பாவிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் அம்மா பேச்சியம்மாளிடம் சொன்னாள்.

"இது மறதி வியாதிம்மா. இத்தன வருஷமா இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மருந்து கிடையாது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விடவேண்டாம். நாமதான் பழகிக்கிடணும்."

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

தீபாவளி கழிந்த வாரம், மாமனார் இடது காலை இழுத்து நடப்பதை மதுமதி கவனித்தாள். யாரையும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆய்வுக்கூடத்திலிருந்து சண்முகவடிவு ஓடி வந்து சேர்வதற்குள் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த ரத்தம் தேங்கி, மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. தலையில் அடிபட்டதா என்று டாக்டர் கேட்டபோது மதுமதிக்குத்தான் அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது.

துளை போட்டு எடுத்துவிடலாம், சரியாகிவிடுவார் என்றார் அந்த இளம் டாக்டர். அவள் மூளை ஆராய்ச்சி செய்பவள் என்று மதுமதி சொல்லியிருந்ததால், பிறகு சண்முகவடிவின் பக்கம் திரும்பி மரியாதையாக, "உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, மேடம்" என்றார். அவளுக்குக் காது சுட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். எங்காவது இடித்துக்கொண்டீர்களா என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் கணேசமூர்த்தி, வெங்கடேஷ் கடையைத் திறந்தானா என்று விசாரித்தார். மகளைப் பார்த்ததும், நீ இருந்ததால்தான் பிழைத்தேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் மதுமதி இருந்தாள். சண்முகவடிவு ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மதினி. பயமா இருந்துச்சு, கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் மதுமதி. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது சொந்தக்காரர்கள் போன் செய்தால், எனக்குத் தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறாள். படித்த திமிர் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று பொங்கல் சமயத்தில் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே பேச்சியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"ஏட்டி, நீ சொன்னத அவுககிட்ட நான் சொல்லல. நீயும் சொல்லாத. ஒரு மாசம் அவுக தூங்கையில பக்கத்துல உக்காந்து அழுதவ நானு. அது என்னோட போவட்டும்."

உள்ளேயிருந்து கணேசமூர்த்தி யார் என்று கேட்டார். சண்முகவடிவு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.