அம்மாவின் கார்டோடு பயிற்சிக்கு இடம் கேட்கப் போன நாள்

மலாக்கா டவுனில், கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு வணிகக் கல்லூரியில் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தேன். படிப்பு முடியப் போகிற நேரத்தில் வாத்தியார் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். ஏதாவது ஓர் ஆபீசில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை பழகி, அங்கிருந்து கடிதம் வாங்கி வந்தால்தான் சர்டிபிகேட்டாம். "இடத்த நீங்களேதான் தேடிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்டிபிகேட் இல்லையென்றால் எனக்கும் ரப்பர் தோட்டத்துப் பால்வாளிதான். அப்பா இல்லாத வீடு. பெம்பான் பக்கத்து எஸ்டேட்டில் அம்மா ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

பதினோரு விண்ணப்பம் அடித்துத் தபாலில் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. எஸ்டேட் ஆபீஸ் வாசலில் தினமும் நின்று கடிதம் வந்ததா என்று கேட்டுக் கேட்டு வெட்கமே விட்டுப் போயிற்று. தங்கா பத்து ஊரிலிருந்து வந்து என் பக்கத்து மெஷினில் உட்காரும் பெண் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போஸ்ட்ல போட்டா யாரு பாப்பா? நேரா போய் நில்லு லா. துவான, அதான் மொதலாளியக் கேக்காத, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேல இருக்கற பெரிய கிராணியக் கேளு. காலையில கதவு தெறக்கறப்பவே போயிடணும்."

அப்படியே செய்தேன். நான்கு ஆபீசில் விரட்டினார்கள். ஐந்தாவது ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே பெரிய கிராணி என் விண்ணப்பத்தை நின்றபடியே படித்தார். "வியாழக்கெழம ஒம்போது மணிக்கு வா. டைப் அடிக்கச் சொல்லிப் பாப்பேன். ஐ.சி.யும் கொண்டா. லேட்டா வந்தா வராதே."

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ஐ.சி. என்கிற அடையாளக் கார்டு இல்லாமல் பிடிபட்டால் போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அம்மா எங்கள் இரண்டு கார்டையும் ஒரே பிஸ்கட் டின்னில் வைத்திருப்பாள். வியாழக்கிழமை அவள் இருட்டோடு எழுந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனாள். மிச்சமிருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். கேட்டில் காவலுக்கு நின்றவன் காட்டுக்காரர்களுக்குக் கொடுக்க என் பையில் அரிசி இருக்கிறதா என்று துழாவினான். தெரிந்த முகம் என்பதால் கார்டைப் பிரிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் சும்மா எடுத்துப் பார்த்தேன். படத்தில் அம்மா.

ஐயோ! என் கார்டு அம்மாவிடம். காட்டோரம் பட்டாளம் சுற்றுகிற நேரம். திரும்பி ஓடி, அவள் எந்த மர வரிசையில் நிற்கிறாள் என்று தேடி மாற்றிக்கொண்டு வந்தால் ஒன்பது மணி போயே போய்விடும். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. பஸ் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன்.

வழியில் சோதனைக்கு நிறுத்தினார்கள். போலீஸ்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அம்மாவின் முகம்தான், அச்சு அசல். கார்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, 'எனக்கு அப்பாடா, அம்மாவுக்கு?' என்று தோன்றியது.

ஆபீசில் பக்கம் முழுக்க டைப் அடித்தேன். மூன்று பிழை. கிராணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பரவால்ல. திங்கக்கெழம வந்துடு." கார்டை நீட்டினேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. "இருக்கில்ல? போதும் போ."

எஸ்டேட் கேட்டில் பக்கத்து வீட்டு அக்கா எனக்காகவே நின்றிருந்தாள். "கார்டு அவளோடது இல்லன்னு ஒங்கம்மாவ காலையிலயே போலீஸ் ஸ்டேசனுக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்கடி!"

ஓடினேன். ஸ்டேசன் பெஞ்சில், ரப்பர் பால் காய்ந்த சட்டையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் கார்டைக் கொடுத்ததும் படத்தையும் பெருவிரல் ரேகையையும் ஒத்துப் பார்த்து எழுந்து போகச் சொன்னார்கள். அங்கிருந்த தமிழ்க் கான்ஸ்டபிள் எரிந்து விழுந்தார். "மக எங்கன்னு காலையிலேர்ந்து கேக்கறோம். தெரியாது, தெரியாதுன்னே சொல்லுது. சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்போம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"ஆபீஸ் பேரச் சொன்னா போன் போட்டு உன்ன இழுத்துட்டு வந்துருவாங்க. அப்பறம் எவன் இடம் குடுப்பான்? அத விடு. கெடச்சுதா?"

"கெடச்சுது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள். "கார்டு மாறினத நீ எப்போ பாத்த?"

"ஆபீஸ்ல கேட்டாங்கள்ல, அப்பத்தான்."

"நல்ல வேள. முன்னாடியே பாத்திருந்தா நீ பஸ்ஸ விட்டுட்டு எங்கிட்ட ஓடியாந்திருப்ப."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

திங்கட்கிழமை விடியுமுன் அம்மா விளக்கைக் கிட்டே இழுத்து, இரண்டு படத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு என் கார்டை என் கையில் கொடுத்தாள். மூன்று மாதமும் அப்படித்தான் கொடுத்தாள். ஒரு நாள்கூட நான் அவள் முகத்தைப் பார்த்து அதை வாங்கவில்லை.