நான் இளைத்த காரணம்

துயரத்தால் நான் இளைக்கவில்லை. மருத்துவர் வகுத்த உணவாலும் அன்றாட நடையாலும், மெல்ல மெல்ல, முறையாக இளைத்தேன். இதே முறையில் இளைக்க முயன்ற என் மனைவியை இளைக்க விடாமல் செய்தவனும் நானே.

இந்த இரண்டில் ஒன்றையும் ஊர் அறியாது.

சிதம்பரத்தில் என்னைக் காண்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "அம்மா போனதுலேர்ந்து பாதியா ஆயிட்டாரு" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். சட்டை தோளில் தொங்குகிறது. கன்னத்தில் எலும்பு தெரிகிறது. மனைவியை இழந்து உருகும் கணவன் என்று எனக்கொரு மதிப்பு உண்டாகிவிட்டது. நான் அதை மறுத்ததில்லை. ஏன் மறுக்கவில்லை? அந்த மதிப்பு எனக்கு வேண்டியிருந்தது... நீங்கள் வேறு காரணம் தேட வேண்டாம்.

பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். வசந்தா கடலூர்க்காரி, திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு முழங்கால் வலி தொடங்கியபோது கடலூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வரம்பைத் தாண்டத் தொடங்கியிருந்தன. துணைக்கு வந்த என்னையும் எடை பார்க்கச் சொன்ன அவர், இருவருமே குறைக்க வேண்டும் என்றார்.

"ஒரே மாசத்துல பத்து கிலோ கொறைக்கிறேன்னு எறங்கிடாதீங்க. வாரத்துக்கு அரை கிலோ போதும். நிதானமா கொறைஞ்சாதான் நிக்கும்."

"அப்ப சோறே கூடாதுங்களா?" என்றாள் வசந்தா, மெய்யாகவே கலங்கி.

"சோறு கூடாதுன்னு யாரும்மா சொன்னா? மலை மாதிரி குமிக்காதீங்கன்னுதான் சொல்றேன். தட்டுல பாதி காய் இருக்கட்டும். தெனம் நடங்க. வீட்ல ரெண்டு பேரும் ஒண்ணா செஞ்சா சுலபம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வசந்தா மனத்தில் வைத்துக்கொண்டாள். நான் பேருந்து நிலையம் வருவதற்குள் மறந்துபோனேன். இல்லை, அதுவும் பொய். மறந்துவிடுவதென்று முடிவுசெய்தேன்.

அவள் தொடங்கினாள். கொத்தவரங்காய், கீரை, அவித்த பயறு. எதிர்வீட்டு ஆசிரியையுடன் விடியலில் தேரோடும் வீதிகளைச் சுற்றி நடந்தாள். புடவைக்குக் கீழே ஷூ அணிய முதலில் வெட்கப்பட்டாள். பிறகு அந்த வெட்கமும் போயிற்று. சில மாதங்களில் ரவிக்கைகளையெல்லாம் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறினாள். ஏறி நின்று, நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்ப்பாள்.

பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயம் திருப்பாதிரிப்புலியூரில் அவள் வீட்டுத் திருமணம் ஒன்று வந்தது. கைகழுவும் இடத்தில், அவளுடைய சித்தி மகள், எனக்கு மச்சினி முறை, கேலி பேச உரிமையுள்ளவள், எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "மாமா, நீங்கதானா? அக்கா கூட அவுங்க அப்பா வந்திருக்காரோன்னு நெனச்சிட்டேன்."

பந்தி முழுவதும் சிரித்தது. மச்சினி கேலிக்குக் கோபப்படுவது முறையல்ல. நானும் சிரித்தேன். வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் கண்ணில் இருந்தது ஏளனமில்லை, மகிழ்ச்சி. பல ஆண்டுகளுக்குப் பின் யாரோ அவளை அழகி என்று சொல்லியிருக்கிறார்கள்... அவ்வளவுதான். அதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை!

நான் கத்தியிருப்பேன், தடுத்திருப்பேன் என்று எண்ணுகிறீர்களா? நான் கற்றவன். குரல் உயர்த்துவதில்லை.

தட்டில் காய்கறியை ஒதுக்கிவைத்து எழுந்தேன். "ஆஸ்பத்திரி சாப்பாடு" என்று சொன்னது ஒருமுறை மட்டும். எங்கள் வீட்டில் தனக்கென்று தனியே சமைத்துக்கொள்ளும் வழக்கம் பெண்களுக்கு இல்லை. வீட்டுக்காரருக்கு எதுவோ, அதுவே அவளுக்கும். அவர் உண்ட பிறகு, மிஞ்சியதைக் கொட்ட மனமின்றி உண்பாள். இதை நான் அறிவேன். எனக்காக உருளைக்கிழங்கு வறுத்தாள், அப்பளம் பொரித்தாள். மிஞ்சியது அவள் பங்காயிற்று.

பிறகு காப்பி. ஏழு மணிக்குக் குடித்துப் பழகியவன், அவள் நடக்கப்போகும் நேரத்தில் எழுந்து கூடத்தில் உட்காரத் தொடங்கினேன். எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே. சில நாட்கள் திரும்பி வந்து, வியர்வையோடு, "இருங்க, தோ போட்டுத் தர்றேன்" என்று அடுப்படிக்கு ஓடினாள். பின்னொரு நாள் எதிர்வீட்டு ஆசிரியை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வசந்தாக்கா, வர்லியா?"

"நீ போம்மா. இவருக்குக் காப்பி போடணும்."

அதைக் கேட்டபடி நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

ரவிக்கைகளின் தையல் மறுபடி பிரிக்கப்பட்டது. சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். மருத்துவமனை வாசலை எட்டுமுன் முடிந்துவிட்டது. எடையால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. பல காரணங்கள் சேர்ந்திருக்கும் என்றார்கள். அந்தப் 'பல'வுக்குள் நான் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்தும் பார்த்தேன்... இடம் போதவில்லை.

கருமாதி முடிந்து சில வாரங்களில் எனக்குத் தலைசுற்றல் வந்தது. அதே மருத்துவர், அதே அறிவுரை. இம்முறை கேட்டேன். காய் நறுக்கக் கற்றேன். சோற்றைப் பாதியாக்கினேன். விடியலில் நடந்தேன். எத்தனை எளிது! எவரும் கூடத்தில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கவில்லை. எவருடைய மிச்சத்தையும் நான் உண்ண வேண்டியதில்லை. உயிர்மேல் இவ்வளவு ஆசை எனக்கு இருந்ததா? அவள் இருந்தபோது அது எங்கே போயிருந்தது?

தாயின் காரியம் முடிந்து திரும்பிப் போயிருந்த என் மகள் கயல், சில மாதம் கழித்து வந்தபோது என் உடம்பைப் பார்த்துத் தங்கிவிட்டாள். நான் குறைத்து உண்பதையும் துயரம் என்றே எண்ணினாள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்தாள். அவள் கணவர் அதற்கு முன்பே ஐதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்து தனியாக இருந்தார். இப்போது அவளுடைய அலுவலகமும் பதவி உயர்வோடு அவளை அங்கேயே அழைத்தது.

ஒரு ஞாயிறன்று வசந்தாவின் தம்பி செல்வம் கடலூரிலிருந்து வஞ்சிரம் வறுவலோடு வந்தான்.

"அப்பாவுக்கு இன்னொரு துண்டு வைம்மா."

"வேணாம் செல்வம்."

"என்னா வேணாம்? கண்ணாடில பாத்தீங்களா மாமா உங்கள? அக்கா இருந்தப்ப இந்தச் சட்டைக்குப் பட்டன் போட ரெண்டு ஆளு வேணும். இப்ப உள்ள இன்னொருத்தர வாடகைக்கு வெக்கலாம்."

கயல் சிரிக்கவில்லை. "ஐதராபாத் வரலன்னு நாளைக்கு எழுதிடப் போறேன் மாமா. இவர இப்படி வுட்டுட்டு எப்படிப் போறது?"

"மாப்ள என்ன சொல்றாரு?"

"கோவம்தான். இத்தன மாசமா தனியா கெடக்குறாரு, வராதா பின்ன?"

நான் மீனில் முள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வறுவலில் முள்ளே இல்லை.

மறுநாள் விடியலில் நான் கிளம்பியபோது கயலும் பின்னால் வந்தாள். நான் நிம்மதியின்றி அலைவதாக அவள் எண்ணியிருந்தாள். தெற்கு வீதித் திருப்பத்தில் நின்றேன்.

"கயல், நான் பட்டினி கெடக்கலம்மா. டாக்டர் சொன்ன டயட்ல இருக்கேன். வாரம் அரை கிலோ. கணக்காத்தான் கொறையுது."

"டயட்டா? நீங்களா?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பின் நடுவே அழுதாள். "ஏதாச்சும் பெரிய வியாதியோன்னு கூட பயந்துட்டேன்ப்பா. சொல்றதுக்கு என்னா?"

"கூச்சமா இருந்துச்சு."

"நல்ல கூச்சம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னோடு நடந்தாள். நாலடி போனதும் கேட்டாள்: "அம்மாவும் ஆரம்பிச்சாங்கல்ல? நல்லாத்தான கொறைஞ்சாங்க. ஏம்ப்பா வுட்டாங்க?"

மீதி உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எவருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது.

"முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சு. நின்னுட்டா" என்றேன்.

"ஐயோ... நான் போன்ல திட்டுனேன்ப்பா, சோம்பேறின்னு. அவுங்க சிரிச்சிட்டு வெச்சிட்டாங்க."

ஆக, மகளிடமும் வசந்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மௌனத்தையும் நான் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன்.

கயல் ஐதராபாத் போய்விட்டாள். பதவியும் குடும்பமும் அவளுக்கு நிலைத்தன. அந்த அளவில் நான் சொன்ன பாதி பயன்பட்டது. மற்றப் பாதியை உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவளில்லை.

வாரந்தோறும் தொலைபேசியில் என் எடையைக் கேட்கிறாள். சொல்கிறேன். குறைந்திருந்தால் மகிழ்கிறாள். "எப்படிப்பா இவ்ளோ கட்டுப்பாடா இருக்கீங்க?" என்று சென்ற வாரம் கேட்டாள். பிறகு, பெருமூச்சோடு, "அம்மாவுக்கு இந்தப் பிடிவாதம் இல்லாமப் போச்சு பாருங்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை.