சிமெண்டுத் தரையில் மூன்று சுற்று

வாடகைக்கு ஸ்கேட் விடுகிற தொழிலில் முதலாளி முதலில் விழ வேண்டும். அதைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகுதான் வாடிக்கையாளர் காலில் மாட்டவே சம்மதிப்பார். முழங்காலில் பிளாஸ்திரியோடு கல்லாவில் உட்கார்ந்து, "ரொம்ப ஈஸிதாங்க" என்று ஊருக்குச் சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால் உங்களுக்கு என் வணக்கம். நாமெல்லாம் ஒரே சாதி.

எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எனக்கு ஒரு சின்ன வாடகைக் கடை இருந்தது. கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் பழைய மாதிரி ஸ்கேட். நாலு மூலைக்கு நாலு சக்கரம் வைத்தது. பதிமூன்று வயதில் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை விற்க உட்கார்ந்தவள் நான். பேரமும் கோபமும் அங்கே படித்ததுதான். வேறு பள்ளிக்கூடம் போகவில்லை.

பலகை

ஜாலான் புசாரில் ஒரு கடைக்காரர் புது மாதிரி ஸ்கேட் பன்னிரண்டு ஜோடி வாங்கி வைத்துவிட்டு விற்க முடியாமல் முழித்துக்கொண்டிருந்தார். நாலு சக்கரமும் ஒரே வரிசையில், கத்தி மாதிரி. அவர் சொன்ன விலையைக் கேட்டு இரண்டு தடவை கடையை விட்டு வெளியே நடந்தேன். மூன்றாவது தடவை அவரே பின்னால் ஓடி வந்தார். பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு வந்தேன். கடற்கரையிலும் அதை யாரும் சீந்தவில்லை. ரெஜினா ஒருத்திதான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்து அதைக் கேட்பாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு ஆபீசில் கிளார்க். அவள்தான் ஒருநாள் வினையை ஆரம்பித்தாள். "அக்கா, டிவியில ஐஸ் மேல பொண்ணுங்க ஒத்தக் கால்ல நின்னு சுத்துறாங்களே, இதுல அந்த மாதிரி சுத்த முடியுமா?"

'தெரியாது' என்பது என் வாயில் வராத சொல். தேக்காவில் அதைச் சொன்னால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். "ஏன் முடியாது? நானே கத்துத் தர்றேன்," என்றேன். மறுவாரம் பெயிண்ட் வாங்கி, 'பனிச்சறுக்கு நடனம் சக்கரத்தில் கற்றுத் தரப்படும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கடை நெற்றியில் தொங்கவிட்டேன். அதுவரை ஸ்கேட்டில் நான் செய்திருந்த ஒரே சாகசம், கடையிலிருந்து கழிவறை வரை போய் விழாமல் திரும்பி வந்தது. இருந்தாலும் ஒரே வாரத்தில் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். எனக்குச் சக்கரம் பழுதுபார்க்கிற ஜோசப் அண்ணன், விமான நிலையத்தில் இருபது வருஷம் சரக்கு வண்டி தள்ளி ஓய்வு பெற்றவர், பலகையை அண்ணாந்து பார்த்தார். பெயர்ப் பட்டியலையும் பார்த்தார். "கத்துக்க ஆள் வந்தாச்சு. கத்துத் தர எப்ப வர்றாங்களாம்?"

பேரம்

மிஸ் லிம் நகரத்தில் ஐஸ் தளத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவள். அக்காள் பிள்ளைகளுக்கு சைக்கிள் எடுக்க வந்த இடத்தில் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்றேன். அவள் பேசியது பள்ளிக்கூட ஆங்கிலம், நான் பேசியது தேக்கா ஆங்கிலம். இங்கே தமிழில் போடுகிறேன். "ஐஸ் கத்தி அடியில லேசா வளைஞ்சிருக்கும், அதனால சுத்துது. உங்க சக்கரம் நாலும் தரையில ஒட்டிக்கிட்டு நிக்குது. நேராப் போகலாம். நின்ன இடத்துல சுத்த முடியாது. ஜனங்கள ஏமாத்தாதீங்க, பலகைய இறக்குங்க," என்றாள். பெயர் கொடுத்த ஒன்பது பேரில் நாலு பேர் அப்போது கடையில் நிற்கிறார்கள்.

ஏமாற்று என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. தராசில் ஒருநாள் விரல் வைத்து அழுத்தியவள் இல்லை நான். "சுத்திக் காட்டுறேன், அப்ப என்ன சொல்றே?" என்றேன். காட்டினால் இதே ஆட்கள் முன்னால் தான் சொன்னது தப்பு என்று சொல்வதாகச் சொன்னாள். காட்டாவிட்டால் பலகையை நான் என் கையால் இறக்க வேண்டும், ஒன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். சரி. எத்தனை சுற்று? அவள் ஆறு என்றாள். நான் இரண்டு என்றேன். "ரெண்டு சுத்து தடுக்கி விழுறவங்ககூட சுத்துவாங்க," என்றாள். நான் நடந்து கடைக்குள் போனேன். அவள் கூப்பிடவில்லை. நானே வெளியே வர வேண்டியதாகிவிட்டது. என் வாழ்க்கையில் அது புது அனுபவம். கடைசியில் ஒற்றைக் காலில் மூன்று சுற்று, மூன்று மாசத் தவணை என்று முடிந்தது. போகும்போது கைகொடுத்துவிட்டுச் சொன்னாள்: "போட்டியில நடுவரோடகூட நான் இவ்வளவு நேரம் பேசினதில்ல."

கல்யாண வெங்காயம்

கடற்கரையில் பழகினால் வாடிக்கை பார்க்கும். அதனால் தேக்காவில் நான் இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது வீடே இல்லாத திறந்த கீழ்த்தளத்தில், விடிந்ததும், தூண்களுக்கு நடுவே பழகினேன். சிமெண்டு வழவழவென்று இருக்கும். ஒரு சனிக்கிழமை போனால் அங்கே கூடாரம், அண்டா, பாய். எங்கள் மாடியில் இருக்கும் மலாய்க்கார அம்மா, எல்லோருக்கும் மக்சிக், அதாவது அத்தை, சலீமாவின் மகனுக்கு மறுநாள் கல்யாணம். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். இது என் இடம், என் நேரம் என்று சண்டைக்குப் போனேன். மக்சிக் சிரித்தாள். பேசிப் பேசி இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள இடத்தை வாங்கினேன்.

வாங்கியிருக்கக் கூடாது. இடது காலைத் தூக்கி, கையை வீசி, அரைச் சுற்று சுற்றினேன். மீதி அரைச் சுற்றைச் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு போனது. போய் உட்கார்ந்த இடம் உரித்த வெங்காயம் நிறைந்த தாம்பாளம். பத்துப் பேர் கண்ணிலும் தண்ணீர். எவ்வளவு வெங்காயத்தால், எவ்வளவு என்னால் என்று தெரியவில்லை. மக்சிக் என்னைத் தூக்கிவிட்டு முதுகில் ஒட்டியதைத் தட்டிவிட்டாள். "பத்மா, உக்கார இடம் வேணும்னா கேளு லா. நாற்காலி நிறைய எடுத்து வெச்சிருக்கோம்."

வேடிக்கை டிக்கெட்

ஒரு மாசம் போயும் அரைச் சுற்றைத் தாண்டவில்லை. பலகையை நான் இறக்குகிற மாதிரி கனவு வர ஆரம்பித்தது. ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு மிஸ் லிம்மின் ஐஸ் தளத்துக்கே வேவு பார்க்கப் போனேன். மிஸ் லிம் லீவு நாளாகப் பார்த்துத்தான். சிங்கப்பூரில் ஸ்வெட்டர் யாரிடம் இருக்கிறது? ரெஜினா ஆபீசில் ஏர்கான் குளிருக்கு வைத்திருந்ததை அவள் போட்டுக்கொண்டாள். நான் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டேன். இரண்டு பெரிய விஷயம் தெரிந்தது. ஒன்று, யாரும் நின்ற இடத்திலிருந்து சுற்றுவதில்லை. ஒரு வளைவு போட்டு வந்து, அந்த வேகத்தைச் சுற்றுக்குள் இழுக்கிறார்கள். இரண்டு, அகல விரித்த கையை மார்போடு மடக்கினால் வேகம் கூடுகிறது.

இந்த இரண்டையும் பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட் கொடுக்கிற பெண்ணோடு ஒரு தகராறு. நாங்கள் ஐஸில் இறங்கப் போவதில்லை, ஓரமாக நின்று பார்க்கத்தான் போகிறோம், அதனால் பாதி விலை போடு என்றேன். தமிழ்ப் பெண்தான். துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழு விலைக்கே கிழித்துக் கொடுத்தாள். "பாக்குறதுக்கு சும்மா விட்டுடுவேன் அக்கா. உள்ள குளிருதே, அதுக்குத்தான் காசு."

ஜோசப் அண்ணன் செய்த தப்பு

வளைவு வந்தது, கை மடங்கியது, குதிகாலில் இருந்த பிரேக் ரப்பர் இடிக்கிறது என்று அதையும் கழற்றினேன். ஒரு சுற்று. அதற்கு மேல் சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். தவணைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். அந்த நிலைமையில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

இந்தத் தொழிலில் திங்கட்கிழமை சக்கரம் மாற்றுகிற நாள். முன்சக்கரமும் பின்சக்கரமும் சீக்கிரம் தேயும். அதனால் எல்லாவற்றையும் கழற்றி இடம் மாற்றிப் போட வேண்டும், நாலும் ஒரே மட்டமாக இருக்கும்படி. ஜோசப் அண்ணன் என் ஜோடியில் தேய்ந்த சக்கரங்களை இரண்டு முனையிலும் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் புத்தம் புதுசாக இரண்டிரண்டு மாட்டி வைத்திருந்தார். மேஜையில் வைத்தால் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்து இளநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கிழங்கு விற்கிறவளுக்குக்கூட மட்டம் தெரியுமே, இருபது வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கைப் பழக்கம்மா. சரக்கு ஏத்துற ஆறு சக்கர வண்டியில நடுச் சக்கரம் கொஞ்சம் பெருசா இருக்கும். அப்பத்தான் எவ்வளவு பாரம் இருந்தாலும் நின்ன இடத்துலயே திரும்பும்."

"இது காலு, சரக்கு இல்ல," என்று மேலே திட்டப் போனவள் பாதியில் வாயை மூடினேன். நின்ன இடத்துலயே திரும்பும். மிஸ் லிம் சொன்ன ஐஸ் கத்தியின் அடி வளைவும் இதுவும் ஒன்றுதானே. அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு கடை முன் சிமெண்டில் இறங்கினேன். வளைந்து வந்து காலைத் தூக்கிக் கையை மடக்கினேன். கடல், தென்னை, ஜோசப் அண்ணன், இளநீர்க்காரர், மறுபடி கடல், தென்னை, ஜோசப் அண்ணன், இளநீர்க்காரர். இரண்டு சுற்று. பிறகுதான் விழுந்தேன். விழுந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜோசப் அண்ணன் ஸ்பானரோடு வந்து தலைமாட்டில் நின்றார். "திட்டி முடிச்சாச்சா, பாக்கி இருக்கா? முடிஞ்சிருந்தா ரெஜினா ஜோடியையும் இப்படியே தப்பா மாட்டிடுறேன்."

நேராகப் போகிற ஜோடி

மூன்று ஜோடியை அப்படி மாற்றினோம். அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவா சூ காங்கிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், நல்ல தாட்டியான ஆள், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேராகப் போக நினைத்துக் காலை வைத்தவர், ஒவ்வொரு நாலு அடிக்கும் ஒருமுறை திரும்பி எங்களையே பார்த்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று அவர் மனைவியும் நாலு தடவை கையசைத்தார். கடைசியில் மணலில் இறங்கி, தானாக நின்று, செருப்பில்லாமல் நடந்து வந்து ஸ்கேட்டை மேஜையில் வைத்தார். கோபமே இல்லாத மனிதர். "தங்கச்சி, இது வீட்டுக்குப் போகணும்னு அடம்பிடிக்குது. வெளிய போற ஆசை இருக்கிறதா பாத்து ஒண்ணு குடுங்க."

மூன்று சுற்று

தவணை ஞாயிற்றுக்கிழமை மிஸ் லிம் குடையோடு வந்தாள். பெயர் கொடுத்த ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். மக்சிக் சலீமா புது மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பலகையை இறக்க வேண்டிவந்தால் வேண்டும் என்று நானே ஒரு ஏணியைச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். முதல் முறை வளைவிலேயே வேகம் விட்டுப்போய், ஒன்றரைச் சுற்றில் உட்கார்ந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. எழுந்து மிஸ் லிம்மிடம் போய், "பேரத்துல முதல்ல சொல்றத யாரும் கடைசி விலையா எடுத்துக்க மாட்டாங்க," என்றேன். அவள் யோசித்தாள். ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒரே ஒரு தடவை.

அந்தத் தடவை நான் எதையும் யோசிக்கவில்லை. வளைவு, கால், கை. ரெஜினா சத்தமாக எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று என்ற பிறகுதான் இடது கால் தரையைத் தொட்டது. மிஸ் லிம் எல்லோர் பக்கமும் திரும்பி, "நான் சொன்னது தப்பு," என்று தெளிவாகச் சொன்னாள். அவளை எனக்கு அந்த நிமிஷம் பிடித்துப்போயிற்று. பிறகு ஸ்கேட்டை வாங்கி மேஜையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள், யார் செய்தது என்று கேட்டாள். ஜோசப் அண்ணன் பள்ளிப் பிள்ளை மாதிரி கை தூக்கினார். அவள் தன் அளவுக்கு ஒரு ஜோடி கேட்டு மாட்டிக்கொண்டு போனாள். முனையில் பல் இருக்கிற ஐஸ் கத்திப் பழக்கத்தில் கால்விரலை ஊன்றி நிற்கப் பார்த்து, முதல் காரியமாகப் பொத்தென்று விழுந்தாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, எட்டுச் சுற்று சுற்றினாள். எனக்கு மூன்று மாசம் பிடித்தது, அவளுக்கு மூன்று நிமிஷம். ஒன்பது பேரும் என்னை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வாயெல்லாம் பல்லாக நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள் அந்த ஏணியை எடுத்து ஓரமாகப் படுக்க வைத்தாள். "பலகை இருக்கட்டும் அக்கா. ஞாயித்துக்கிழமை காலையில கத்துத் தர நான் வர்றேன், நீங்க வரிசையில பத்தாவது ஆளா நில்லுங்க."

இத்தனை வருஷத்தில் நான் பேரம் பேசியவர்களில், கடைசி வரை ஒரு காசுகூடக் குறைக்காத ஒரே வியாபாரி சிமெண்டுத் தரைதான்.