ஜெலுத்தோங் வீட்டுக்குக் கட்டிய மூட்டைகள்

பினாங்கு மார்க்கெட் தெருவில், மிளகாய்க் கிடங்குக்கு மேலே ஒரே மாடியில் நாங்களும் என் கணவரின் அண்ணன் குடும்பமும் இருந்தோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நான் இருமினால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து என் ஓரகத்தி, "கஷாயம் குடிச்சியா?" என்பாள். நல்லவள்தான். அதுதான் தொல்லையே! பொல்லாதவளாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போயிருப்பேன்.

ஒருவழியாக ஜெலுத்தோங்கில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு வீடு அமைந்தது. தனி அடுப்பு, தனிக் கிணறு. ராத்திரியெல்லாம் அந்த அடுப்பையே நினைத்துக்கொண்டு கிடப்பேன். சாமான் கட்டத் தொடங்கிய வாரத்தில் பார்த்து எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வீடு மாறக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் மீறாத கட்டு. தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது, நேரே அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடுவார். தூரமாகிவிட்டேன் என்று பொய் சொல்லி, மூன்று நாள் பின்கட்டில் தனிப்பாயில் உட்கார்ந்தேன். ஓரகத்தி தள்ளி நின்று சோறு வைத்தாள். என் சட்டிபானைகளுக்கு வைக்கோல் திணித்து அவளே கட்டினாள். நான் மூலையிலிருந்தபடி, "அக்கா, ஊறுகாய் ஜாடியைக் கவுத்துறாதீங்க!" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். பயத்தில் வாய்தான் நீண்டது.

கிளம்பும் நாள் காலையில் மாட்டுவண்டி வந்து நின்றது. கணவர் மூட்டைகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மிக்கல் மிஞ்சியது.

"ஏ, வந்து பிடி லா. படிவரைக்கும்தான்" என்று ஓரகத்தி ஒரு பக்கம் குனிந்தாள்.

பிடித்தேன். கல் எழும்பியதும் அடிவயிற்றில் சுரீர் என்றது. ஐயோ என்று விட்டுவிட்டேன்.

"என்னடி, கையை நசுக்கிட்டியா?"

இன்னொரு தடவை தூக்கினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். தூக்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். கீழே வண்டிக்காரன் வேறு சத்தம் போட்டான்.

"அக்கா, நான் முழுகாம இருக்கேன்."

"அடிப்பாவி! இதையா மறைச்சே?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு படியோரம் ஓடி, "தம்பி! வண்டிய அனுப்பிடுங்க! நல்ல சேதி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். கணவர் முகமெல்லாம் பல்லாக மேலே வந்தார். மூட்டைகளும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஓரகத்தி என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். நான் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"பொறந்ததும் போயிரலாம்" என்றார் கணவர்.

பிறந்தது. கைக்குழந்தையோடு வேண்டாம் என்றார்கள். பிறகு ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு பார்த்தோம், பட்டர்வொர்த்தில் ஒன்று பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் என் வயிற்றில் ஒன்று இருந்தது. ஐந்து பிள்ளைகளையும் அந்த மாடியிலேயே பெற்றேன்.