ஜன்னல் குழாயும் முகைதீனின் மூக்கும்

சேக் முகைதீனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி எலக்ட்ரீஷியனை இராஜபாளையம் பார்த்திருக்காது. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் டெஸ்டரால் மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வயரில் கை வைப்பார். மில்லில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. பஞ்சு அடிக்கும் ப்ளோ ரூமில் ஒருமுறை தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர் அவர்தானே! பஞ்சோடு வந்த ஓர் ஆணித்துண்டு மெஷினில் உரசியதுதான் காரணம். அவருடைய இரண்டு புறங்கைகளிலும் தோல் சுருங்கிக் கிடப்பது அன்றைக்கு வெந்ததால்தான்.

அப்படிப்பட்ட மனிதர் 1986-ல், தீப்பிடிக்கத் தோதான ஒரு சாமானைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்றால் அதற்குக் காரணம் மகள் அசீனா. ஏழு வயது, இழுப்பு. முகைதீனின் மனைவி ஹாஜரா பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து, வீட்டிலேயே வெட்டி மடித்துக் கொடுப்பாள். பாயில், தலையணையில், சோற்றுப் பானையின் மூடியில் என்று எங்கும் பஞ்சுத் தூசி. விளக்குமாற்றை எடுத்தால் இன்னும் கிளம்பும். மூச்சுக்கு அலைகிற பிள்ளையின் விலாவில் குழி விழும்போதெல்லாம், அடுத்த மூச்சு வருமோ வராதோ என்று முகைதீன் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மில் பங்களாவைக் காலி செய்தபோது சீந்துவாரில்லாமல் கிடந்தது அந்த வேக்குவம் கிளீனர். இங்கிலாந்தில் செய்தது. படுத்த குடம் மாதிரி உருண்ட இரும்பு உடம்பு, அடியில் குட்டிச் சக்கரங்கள். தூசியை உறிஞ்சும் ஓஸ் கிழிந்து, அது சேரும் உள்பை மக்கிப்போயிருந்தது. மானேஜர் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு திருத்தமும் ஒரு பயத்தில் பிறந்தது. ஷாக் அடித்துவிடுமோ என்று கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கினார். பொறி பறக்குமோ என்று மோட்டாரின் தேய்ந்த கார்பன் கட்டைக்குப் பதிலாக ஸ்ரீவில்லிபுத்தூர் மிக்ஸி கடையில் ஒன்றை வாங்கி உரசிப் பொருத்தினார். மில்லில் பஞ்சு போகும் குழாயில் இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அதே போலப் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை ஓஸின் வாயில் வைத்தார். ஹாஜரா நாலு மடிப்புத் துணியில் புதுப் பை தைத்தாள். அப்படியும் பின்பக்கக் காற்றில் பொடித் தூசி வந்தது. அங்கே ஒரு நீளக் குழாயைப் பூட்டி, ஜன்னல் வழியாகச் சந்துக்கு விட்டார். அதில்தான் அவருக்கு ரொம்பப் பெருமை. அசீனாவின் இழுப்பும் பாதியாகக் குறைந்தது.

"நான் இல்லாதப்ப யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்?

இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். மில்லிலிருந்து வந்தவர் சந்தில் சைக்கிளைத் திருப்பும்போதே மெஷின் சத்தம் கேட்டது. கூடவே ஒரு வாடை. கருகிய பஞ்சு. ப்ளோ ரூமில் மூக்கில் ஏறிய அதே வாடை, ஜன்னல் குழாயிலிருந்து வீட்டுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அவரே செய்த திருத்தம்தான்! சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

அசீனா மெஷின்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஓஸைப் பிடித்திருந்தாள். "அத்தா, குதிரைக்கு மேலெல்லாம் சுடுது!" என்று சிரித்தாள்.

பிள்ளையை அள்ளி ஒரு பக்கம் தள்ளினார். பிளக்கைப் பிடுங்கினார். என்னவோ ஏதோவென்று ஹாஜரா மூடியில் கை வைக்கப் போனாள்.

"ஏட்டி, தொறக்காத! காத்துப் பட்டா குப்புன்னு பத்திக்கிடும்!"

கொதிக்கிற இரும்பை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். புகை அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"சாம்பிராணி போட்டேன். பொகை போற வரைக்கும் பிள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டிருந்தேன். வந்ததும் சாம்பலை நான் இழுக்கேன்னு நின்னா" என்று ஹாஜரா அழுதாள். சாம்பலுக்குள் ஒரு கங்கு இருந்திருக்கிறது. காந்தத்தில் இரண்டு குண்டூசிகள் ஒழுங்காக ஒட்டியிருந்தன. கங்கு காந்தத்துக்குக் கட்டுப்படுமா?

இனி அந்தச் சனியன் வேண்டாம் என்றுதான் நினைத்தார். மூன்றாம் நாளே அசீனாவின் விலாவில் மறுபடி குழி விழுந்தது. கடையில் கொடுத்து மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றச் சொல்லி, ஓஸின் வாயில் கம்பி வலை கட்டினார். பயம் போகவில்லை. கடைசியில் ஒரு ஸ்டூலைச் சந்தில் போட்டுக் குழாயருகே உட்கார்ந்துவிட்டார். ஹாஜரா உள்ளே ஓட்டுவாள். அவர் வெளியே மோந்துகொண்டிருப்பார்.

"என்ன பாய், பிரியாணி வாசம் வருதாக்கும்?" என்பார் எதிர்வீட்டுச் சௌந்தரபாண்டியன்.

"ஒரு வாசமும் வராம இருந்தாச் சரிதான்" என்பார் இவர்.

இப்படிப் பத்து வருடம் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்தார். அசீனாவின் இழுப்பு மெல்ல மெல்ல நின்றது. அவருக்கு இருமல் வந்தது. மில் தூசி என்று சொல்லிவிட்டார்.

1998-ல் அசீனாவைத் தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சீரோடு மெஷினும் போனது. முகைதீனே போய் அங்கும் ஜன்னலில் குழாயை மாட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள் காலையில் டவுன் பஸ் ஏறினார்.

மகள் வீட்டுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டாமல் சந்துப் பக்கம் சுற்றிப் போய்க் குழாயருகே குந்தினார். தூசி வாசம் மட்டும்தான். நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சில் இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை.

மெஷின் நின்றது. அந்த இருமல் அவளுக்குத் தெரியாதா? ஓடி வந்த அசீனா, அத்தாவின் விலாவில் குழி விழுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருடம் அவர் பயந்த பயம் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

"நீ போய் ஓட்டும்மா. செத்த நேரந்தான். நான் இங்கன இருக்கேன்."

அவள் உள்ளே போனாள். ஃபியூசைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

"இனி ஓடாதுத்தா. உள்ள வாங்க."

முகைதீன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் எழுந்தார்.