முனை மழுக்கிய கத்தி

ஜோசபினின் இடது கை மொக்கைச்சாமியின் இடுப்பை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தது. வலது கை மடக்குக் கத்தியால் டயப்பரின் பக்கவாட்டை மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டிருந்தது. ஜட்டிபோல மாட்டுகிற டயப்பரைக் கால்வழியாக உருவினால் முழங்கால் வரை பூசிவிடும். இரண்டு பக்கமும் அறுத்துச் சுருட்டி எடுத்துவிட்டால் வேலை சுத்தம்.

துடைத்து முடித்தபோது அரைஞாண் கயிறு கண்ணில் பட்டது. முந்தின வாரம் அதற்கடியில் விரல் நுழைந்தது. இன்று நகம்கூட நுழையவில்லை. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்த மனிதர். வயிறு ஏறிக்கொண்டே போக, கறுப்புக் கயிறு மட்டும் கட்டிய அளவிலேயே இருந்தது. வலது பக்கம் தோல் கிழிந்து, கயிறு சதைக்குள் இறங்கி, சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது.

மொக்கைச்சாமிக்கு எழுமலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. பிறர் வயலில் கூலிக்கு நின்றே ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, அதன் பிறகு வாங்கிய நிலம். நோய் முற்றியதும் மகன் பாண்டிராஜ் கே.கே. நகரிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மகனுக்குத் தெரியும். மொக்கைச்சாமியின் மனைவி தங்கப்பொண்ணுக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல தங்கப்பொண்ணு விடவில்லை.

கயிற்றை எடுத்தாக வேண்டும் என்று ஜோசபின் சொன்னதும், தங்கப்பொண்ணு கட்டிலுக்கும் கத்திக்கும் நடுவே வந்து நின்றார்.

"ஆம்பளைக்கு அரணாக்கயிற எப்ப அறுப்பாகன்னு ஒனக்குத் தெரியாதாத்தா?"

ஜோசபினுக்குத் தெரியும். வேதக்காரப் பெண், கிறிஸ்தவர்தான் என்றாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் நோயாளி பார்த்தே தலை நரைத்தவர். இறந்தவரைக் குளிப்பாட்டும்போது பங்காளி ஒருவர் அறுப்பார். மூச்சு இருக்கிறவரின் இடுப்பு ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. பழைய கயிறு நைந்துபோனால், புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை அறுப்பார்கள். இதையெல்லாம் அறிந்தவர் என்பதால் அன்றைக்குக் கத்தியை மடக்கினார். புண்ணைச் சுற்றி மருந்து வைத்தார். ஆனால் இறுகிக் கிடக்கிற எதையும் அவரால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் கத்தி வைத்துக்கொள்ள ஆரம்பித்ததே அதனால்தான்.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் அவருக்கு வாடகை வீடு. கணவர் இறந்தபின் நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்து, மகள் ஆஷ்லினைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிருக்காக முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அந்த அம்மா பேட்டரி நாற்காலியில் தெருவுக்கு வந்தார். முந்தானையின் நுனி சக்கரத்தில் மாட்டியது. நாற்காலி நிற்பதற்குள் கழுத்து இறுகிவிட்டது. ஜோசபின் இழுத்தார், பல்லால் கடித்தார், புதுப் பட்டு கிழியவில்லை. யாரோ வீட்டுக்குள் ஓடி அரிவாள்மனையைத் தூக்கிவந்து அறுத்தபோது முகம் நீலம் பாய்ந்திருந்தது. டீச்சரம்மா பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு பெற்ற மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த வாரமே ஜோசபின் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கத்தி வாங்கினார். முதலில் வாங்கியதில் கத்தி, ரம்பம், மூடி திறப்பான், திருப்புளி எல்லாம் இருந்தன. எதைத் திறந்தாலும் நகம் பெயர்ந்தது. அவசரத்தில் இழுத்தால் ரம்பம்தான் வரும். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து நிற்கும் கத்தியைக் காட்டினார். அது ரவுடிகள் வைத்திருப்பது, பஸ்ஸில் பையைச் சோதித்தால் பதில் சொல்ல முடியாது என்று வேண்டாமென்றார். கடைசியில் எடுத்தது மரக் கைப்பிடியும் ஒரே ஒரு அலகும் உள்ளது. விரல் நீள அலகு. கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பினால் அலகு அசையாமல் நிற்கும், விரல்மேல் மடங்காது. நோயாளியை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பத்துத் தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

முனை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. தெருவில் வந்த சாணைக்காரரிடம் அதைத் தேய்த்து மழுக்கச் சொன்னார்.

"கத்திக்கு மூக்க அறுத்துட்டு என்னக்கா செய்யப் போறீக?" என்று அவர் சிரித்தார்.

"குத்துறதுக்கா வாங்குனேன்? ஒடம்புக்குப் பக்கத்துல துணிய அறுக்கணும். மூக்கு இருந்தா தோல்ல ஏறும்."

அதில் பழம் நறுக்க மாட்டார், காய் அரிய மாட்டார். பிளாஸ்திரி, கட்டுத்துணி, டயப்பர், நைட்டி ஆகியவற்றுக்கு மட்டும். வேலை முடிந்ததும் கொதிநீர், பிறகு துணி, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கூர் குறைந்தால் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் தேய்ப்பார். மழுங்கிய கத்திதான் வழுக்கிப்போய்க் கையைக் கிழிக்கும். இந்த வேலைக்கு வருகிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மொக்கைச்சாமியின் புண் அடுத்த இரண்டு நாளில் இன்னும் ஆழமானது. பாண்டிராஜ் தாயிடம் கெஞ்சிப் பார்த்தான். பலனில்லை. கடைசியில் நோயாளியின் முனகல்தான் தங்கப்பொண்ணை இளக்கியது. ஆடி வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒத்துக்கொண்டார். தெப்பக்குளம் மாரியம்மன் காலடியில் வைத்து ஒரு புதுக் கயிறு வாங்கி வருவார். அதை வயிற்றுக்குத் தகுந்தபடி தளர்த்திக் கட்டுவார். அதன் பிறகு பழசை அறுக்கலாம்.

"நான் வந்து கட்டுனதுக்கு அப்பறந்தான். அதுக்கு முந்தி கைய வச்சிராத. ஒன்னைய நம்பித்தான் போறேன்."

"போயிட்டு வாங்கக்கா. தொட மாட்டேன்."

மகன் வேலைக்குப் போயிருந்தான். ஆடி வெள்ளிக் கூட்டம் கோயிலைச் சுற்றி வரிசையாக நின்றது. தங்கப்பொண்ணு வரத் தாமதமானது. நண்பகலில் மொக்கைச்சாமியின் வயிறு பறைபோல விறைத்தது. கயிற்றோரம் ரத்தம் கசிந்தது. அரைநினைவில் இருந்தவர் ஜோசபினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவுத்து விடுத்தா. மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி கட்டிப்போட்டிருக்கியளே."

இன்னும் கொஞ்ச நேரம், அக்கா வந்துவிடுவார் என்று ஜோசபின் சொல்லிப் பார்த்தார். போன் அடித்தார், எடுக்கவில்லை. கிழவர் இரண்டாம் தடவை அதையே சொன்னார். மூன்றாம் தடவை சொல்ல முடியாமல் வாயை மட்டும் அசைத்தார்.

ஜோசபின் ஒரு கரண்டியின் காம்பைக் கயிற்றுக்கடியில் மெல்லச் செருகினார். அலகின் கூர்ப்பக்கம் வெளியே பார்க்க வைத்து ஒரே இழுப்பில் அறுத்தார். சதையோடு ஒட்டியிருந்ததை உப்புநீரில் நனைத்து நனைத்துப் பிரித்தார். மொக்கைச்சாமி நீளமாக மூச்சுவிட்டார்.

"இப்பத் தேவல," என்றார்.

புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு முடிக்கும்போது அவருடைய மூச்சின் இடைவெளி கூடியிருந்தது. அது எதன் அறிகுறி என்று ஜோசபினுக்குச் சொல்லத் தேவையில்லை. பாண்டிராஜைப் போனில் கூப்பிட்டார். கிழவரின் உதட்டை நனைத்தார். மாலை வெயில் சாய்வதற்கு முன் மூச்சு நின்றுவிட்டது.

கயிறு அறுந்ததால் யாரும் சாவதில்லை. ஈரல் போனதால் செத்தார். புண்ணைப் பொறுத்தவரை ஜோசபின் செய்தது சரி. தப்பு வேறிடத்தில் நடந்தது. அவருடைய பையில் கட்டுத்துணிச் சுருள் இருந்தது. அதில் ஒரு கீற்றைக் கிழித்து முதலில் இடுப்பில் தளர்வாகக் கட்டிவிட்டுப் பழசை அறுத்திருக்கலாம். முறையும் கெட்டிருக்காது, வலியும் தணிந்திருக்கும். அறுக்கிற அவசரத்தில் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தங்கப்பொண்ணு வந்தபோது ஜோசபின் இறந்தவரின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாழை இலைத் துண்டில் குங்குமமும் புதுக் கயிறும் தங்கப்பொண்ணின் கையில் இருந்தன. அவர் அழவில்லை. போர்வையை விலக்கி இடுப்பைப் பார்த்தார். கட்டுத்துணி இருந்தது, கயிறு இல்லை.

"மூச்சு நிக்கிறதுக்கு முன்னயா, பெறகா?"

பிறகு என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"முன்னதான்க்கா. அவரு அவுக்கச் சொன்னாரு. எனக்குத் தாங்கல."

தங்கப்பொண்ணு இலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் அங்க வரிசையில நிக்கையிலயே அவரப் பொணமாக்கிட்ட."

வீட்டுக்கு வந்து சேர்ந்த பாண்டிராஜ், விடும்மா, அக்கா என்ன பண்ணுவாங்க என்றான். தங்கப்பொண்ணு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜோசபின் சிறுநீர்க் குழாயை எடுத்தார், உடம்பைத் துடைத்தார், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். உடல் எழுமலைக்குப் புறப்படும்போது வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தவரை, நீயும் ஏறு என்றார் தங்கப்பொண்ணு. வழியெல்லாம் இருவரும் உடலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை குளிப்பாட்டுவதற்காக உடலை வாசலில் பெஞ்சில் கிடத்தினார்கள். பங்காளி தங்கப்பாண்டி பிளேடைப் பிரித்துக்கொண்டு வந்தார். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கயிறு எங்க மதினி?"

பெண்கள் கூட்டத்தில் ஒப்பாரி நின்றது. தங்கப்பொண்ணு மடியிலிருந்து இலையை எடுத்தார். உள்ளிருந்த கயிற்றை ஜோசபினுக்கு முன்னால் நீட்டினார்.

"நீ அறுத்தது. நீயே கட்டு."

ஜோசபின் பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கயிற்றை முதுகுக்கடியில் விட்டு எடுத்து, கட்டுத்துணிக்கு மேலாகக் கொண்டுவந்து, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டு முடிச்சுப் போட்டார். தங்கப்பாண்டி பிளேடால் அதை அறுத்தார். அறுந்த கயிற்றைத் தங்கப்பொண்ணு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அப்போதுதான் அழத் தொடங்கினார். ஜோசபின் எழுந்து போய்க் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவினார்.